கொசு மாமா முன்னால் யாருக்கும் பிரஷர் ஏறாது

என் மாமாவுக்கு வேலை, மனுஷர்களிடமிருந்து ரத்தம் எடுப்பது. அதனால் அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் கொசு என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் அப்படிக் கூப்பிட்டது நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. இதுவரை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. மாமா கோபித்துக்கொள்ளவும் இல்லை.

"கொசு கேட்டுட்டாடி கடிக்குது? நான் கேட்டுட்டு, படுக்க வெச்சு, கதை சொல்லிட்டு எடுக்கறேன். கொசுவே என்கிட்ட வந்து தொழில் கத்துக்கணும்" என்பார்.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், துணி வெளுக்கும் கூடத்தைத் தாண்டினால் ஆராய்ச்சிப் பிரிவு. அதில் மாமாவின் அறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு வாஷ்பேசின். அந்தக் குழாய் சொட்டும். சொட்டுச் சத்தம் கேட்கக்கூடாது என்று குழாய் வாயில் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்; தண்ணீர் துணி வழியாகச் சத்தமில்லாமல் இறங்கும். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டார். டிக் டிக் கேட்டால் படுத்திருப்பவர் எண்ண ஆரம்பித்துவிடுவாராம். ஊசித் தட்டின் மேல் எப்போதும் பூப்போட்ட துண்டு. பார்த்தால் உள்ளே பிஸ்கட் இருக்கிறது என்று நினைப்பீர்கள். நான் ஒருமுறை அப்படி நினைத்துத்தான் துண்டைத் தூக்கினேன்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு என்றால், அந்த அறைக்கு வருபவர்கள் பயப்படக்கூடாது. தைரியம் சொல்வதற்காக இல்லை. பயந்தால் ரத்தம் கெட்டுவிடும்.

இதை எனக்குப் புரிகிற மாதிரி மாமா சொன்னதை, உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள், அதனால் பெரிய வார்த்தை எதுவும் வராது. நமக்குப் பயமோ கோபமோ வந்தால் உடம்புக்குள் அட்ரினலின் என்று ஒன்று சுரந்து ஓடும். ஓடிக்கொண்டே கத்தும்: "எழுந்திரு, ஓடு, அடி!" இதயம் அதைக் கேட்டு அடித்துக்கொள்ளும். ரத்தக்குழாய்களும் கேட்கும். கேட்பதற்குக் காது வேண்டுமே? அந்தக் காதுக்குப் புத்தகத்தில் ஏற்பி என்று பெயர். நாங்கள் காது என்றே வைத்துக்கொண்டோம். இதயத்தைக் கிள்ளி எடுத்து அதன் காதை எண்ண முடியாது, ஆள் போய்விடுவார். ஆனால் ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களுக்கும் அதே மாதிரிக் காதுகள் உண்டு. அதனால் ஒரு குப்பி ரத்தம் எடுத்து, சுழற்றும் மிஷினில் விட்டு, வெள்ளை அணுக்களைத் தனியே பிரித்து, அட்ரினலின் மாதிரி நடிக்கிற ஒரு மருந்தைக் கலந்து, அது எத்தனை காதில் போய் ஒட்டிக்கொண்டது என்று எண்ணிவிடுகிறார்கள்.

சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் அணு என்ன செய்யும்? காதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அம்மா திட்டும்போது நான் செய்வதேதான். ஆனால் பிரஷர் உள்ளவர்களில் சிலருக்கு அணுக்கள் அப்படிச் செய்வதில்லை போலிருக்கிறது. நாள் முழுக்கக் கத்தினாலும் காதை நீட்டிக்கொண்டே நிற்கின்றன. ஏன் என்றுதான் அங்கே பெரிய டாக்டரம்மா தேடிக்கொண்டிருக்கிறார். வேறு இடங்களில் வேறு மாதிரியும் கணக்கு வந்திருக்கிறதாம். முடிவு இன்னும் யார் கையிலும் இல்லை.

இதில் சிக்கல், படுத்திருப்பவர் ஊசியைப் பார்த்து மிரண்டால் அந்த நிமிஷமே அட்ரினலின் கிளம்பி, எங்கெங்கோ ஒதுங்கியிருக்கும் அணுக்களையெல்லாம் தெருவுக்குத் துரத்திவிடும். கணக்கு எல்லாம் தலைகீழ். அதனால் கையில் முதலில் ஒரு மெல்லிய குழாயைச் செருகிவிட்டு, அரைமணி நேரம் படுக்க வைத்து, மனசு அடங்கியபின், மறுபடி குத்தாமல் குழாய் வழியாகவே ரத்தம் எடுக்க வேண்டும். மனசு அடங்க வைப்பதுதான் மாமாவின் வேலை. குத்துவது யாருக்கும் வரும்.

ஒரு கிரேன் ஓட்டுநர் வந்தாராம். கதவளவு உடம்பு.

"நான் வானத்துல உக்காந்து வேலை பாக்கறவன். எனக்கு என்ன சார் பயம்?" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார்.

"உங்களுக்கு எதுக்குண்ணே பயம்? பயமெல்லாம் எனக்குத்தான். நீங்க மயங்கி விழுந்தா தூக்கறதுக்கு உங்க கிரேனைத்தான் வரச் சொல்லணும். அதை ஓட்டற நீங்களோ கீழே கிடப்பீங்க."

அவர் கட்டில் ஆடச் சிரித்தார். சிரித்து முடித்து, "சரி, எப்ப சார் குத்துவீங்க?" என்றார்.

"குத்தியாச்சு, குழாயும் வெச்சாச்சு. இனிமே நீங்க தூங்கறதுதான் பாக்கி."

மாமா தினமும் வீட்டுக்கு வந்து இப்படி ஒரு ஆளை நடித்துக் காட்டுவார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். மாமாவுக்கு அந்தச் சிரிப்பு வேண்டும். அது ஏன் என்று சொன்னால்தான் மீதிக் கதை விளங்கும்.

அவர்கள் இருவரின் அப்பா, அதாவது நான் பார்க்காத தாத்தா, ஒரு நாள் வேலை செய்யும் இடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. பிரஷர் இருந்தது அவருக்கே தெரியாது. மாமா அப்போது அரைக்கால் சட்டை. அம்மா தன் படிப்பை மூட்டை கட்டிவிட்டு வேலைக்குப் போய்த் தம்பியைப் படிக்க வைத்தாள். அதனால் முதல் சம்பளத்தில் மாமா வாங்கியது சட்டை இல்லை, செருப்பு இல்லை. ஒரு பிரஷர் மிஷின். கைப்பட்டை, ரப்பர் பந்து, முள் ஆடும் வட்டம், காதில் மாட்டிக் கேட்கும் ஸ்டெதஸ்கோப். அப்பாவுக்கு நடந்தது அக்காவுக்கு நடக்கக்கூடாது. அவர் கல்யாணத்தைப் பற்றி யார் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார், ஆனால் இந்த ஒன்றில் பேச்சு மாறாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, அந்த வாரத்தின் கிரேன்காரர்களையும் பள்ளிக்கூட வாத்தியார்களையும் நடித்துக் காட்டி முடித்துவிட்டு, பட்டையைச் சுற்றுவார். அளக்கும்போது பேசக்கூடாது என்பது விதி; மாமா விதியை மீறமாட்டார். முன்கூட்டியே சிரிக்க வைத்துவிடுவார்.

"நூத்தி இருவது, எழுவத்தெட்டு. சின்னப் பொண்ணு மாதிரி இருக்கேக்கா."

"பாத்தியாடி?" என்று அம்மா என் பக்கம் திரும்புவாள். "உன்னையும் வெச்சுக்கிட்டு இப்படி இருக்கேன்னா, நான் எவ்வளவு பொறுமைசாலின்னு பாத்துக்கோ."

இத்தனைக்கும் வாய்க்கு வாய் "உன்னாலதான்டி எனக்கு பிரஷர்" என்று சொல்பவள் அவள்தான். வேறு எந்த டாக்டரிடமும் போகமாட்டாள். கேட்டால், "எனக்குத்தான் வீட்டுலயே ஒரு கொசு இருக்கே" என்பாள்.

ஆராய்ச்சியில் பிரஷர் உள்ளவர்கள் ஒரு பக்கம் என்றால், ஒப்பிட்டுப் பார்க்க பிரஷர் இல்லாதவர்கள் இன்னொரு பக்கம் வேண்டும். நோயாளி கிடைப்பான்; நன்றாக இருப்பவன் எதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்து அரைமணி நேரம் படுப்பான்? அதனால் அங்கே வேலை பார்ப்பவர்கள் தங்கள் வீட்டு ஆட்களையே கூட்டிவருவது வழக்கம். வாட்ச்மேனின் மனைவி, டாக்டரம்மாவின் நாத்தனார் என்று அந்தக் கட்டிலில் படுக்காத சொந்தக்காரர் இல்லை. ஓர் ஆள் குறைந்தபோது மாமா மார்பைத் தட்டிக்கொண்டு, "எங்க அக்காவைக் கூட்டிட்டு வரேன் மேடம். பிரஷர்ல அவங்களை அடிச்சுக்க ஆள் இல்லை. வருஷக்கணக்கா நானே பாக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

அம்மாவோடு நானும் போனேன், பை தூக்க. அவள் கட்டிலில் படுத்ததும், "டேய், தலையணை இவ்வளவு மெல்லிசா இருக்கே, இதுக்கு நான் என் பையை வெச்சுக்கறேன்" என்றாள். குழாய் செருகியதே தெரியவில்லை. அரைமணி நேரத்தில் மெலிதாகக் குறட்டை. வேலை நாளில் அம்மா தூங்கி அன்றுதான் பார்த்தேன். மாமா ரத்தத்தை எடுத்துக் குப்பிகளில் பெயருக்குப் பதில் எண் ஒட்டி, மிஷினுக்கு அனுப்பினார்.

கணக்கு வந்தது. டாக்டரம்மா மாமாவைக் கூப்பிட்டார்.

"குப்பி எதாவது மாறிடுச்சாப்பா? இந்த ஒண்ணு மட்டும் பிரஷர்காரங்க பக்கத்துல போய் விழுது. காது அவ்வளவு இருக்கு."

மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. அவர் கையில் குப்பி மாறியதே இல்லை. எண் ஒட்டிய பிறகுதான் மூடியைத் திறப்பார். ஓர் ஆளின் குப்பிகள் அறையை விட்டுப் போன பிறகுதான் அடுத்த ஆளை உள்ளே கூப்பிடுவார். வீட்டுக்கு வந்தவர் அன்றைக்கு யாரையும் நடித்துக் காட்டவில்லை. அம்மாவை மறுபடி கூட்டிப்போய், மறுபடி படுக்க வைத்து, மறுபடி எடுத்தார்.

மறுபடி அதே கணக்கு.

"இதை வெச்சு ஒருத்தருக்கு நோய் இருக்குன்னு சொல்ல முடியாது" என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டாராம். "ஒருத்தருக்கொருத்தர் இது மாறும். நூறு பேரைச் சேத்துப் பாத்தாத்தான் அர்த்தம். ஆனா ரெண்டு தடவையும் இப்படி வந்ததால கேக்கறேன். உங்க அக்காவுக்கு பிரஷர் எங்க பாத்தீங்க?"

"வீட்டுல மேடம்."

"யாரு பாத்தா?"

"நான்தான் மேடம். எப்பவும் நான்தான்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாராம். மாமா இந்த இடத்தைச் சொல்லும்போது தானும் ஏதோ கண்ணாடியைக் கழற்றுவதுபோல் கையை வைப்பார்.

"உங்க முன்னாடி யாருக்குப்பா பிரஷர் ஏறும்?" என்று கேட்டிருக்கிறார். "ஆஸ்பத்திரிக்கு வந்தா பயத்துல ஏறுற பிரஷர் எல்லாருக்கும் தெரியும். வேலை பாக்கற இடத்துல ஏறிட்டு, நம்ம முன்னாடி உக்காந்ததும் இறங்கி ஒளிஞ்சுக்கற பிரஷரும் இருக்கு. அவங்க வேலை பாக்கற இடத்துல போய்ப் பாருங்க."

அம்மா வேலை பார்ப்பது குடிநீர் அலுவலகத்தில், புகார் கவுன்டரில். ஊரில் யார் வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றாலும், வந்தது நாறினாலும், பில் தப்பாக வந்தாலும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவைப் பார்த்துத்தான் கத்துவார்கள். பக்கத்துக் கவுன்டர்காரர், கத்துபவர் வாயைத் திறந்ததும் "எழுதிக் குடுங்க" என்று தலையைக் குனிந்துகொள்வார். அம்மாவுக்கு அது வராது. ஒவ்வொருவரும் கத்தி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். யார் பேச்சையும் பாதியில் வெட்டமாட்டாள். மூச்சு விடாமல் கேட்பாள் என்றுகூடச் சொல்லலாம்.

மாமா மிஷினைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். "நீயும் வாடி மருமகளே" என்றார். தனியாகப் போக அவருக்குப் பயம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆட்களை மிரட்ட என் பாக்கெட்டில் எப்போதும் இருக்கும் ரப்பர் பல்லியை அன்றைக்கு அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

நாங்கள் போனபோது ஒருவர் பழுப்புத் தண்ணீர் நிரம்பிய பாட்டிலைக் கண்ணாடியில் முட்ட வைத்துக்கொண்டிருந்தார்.

"இதை நீங்க குடிப்பீங்களா? எங்க, ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க பாப்போம்!"

"எந்தத் தெரு சார்? எப்போலேருந்து இப்படி வருது?"

"எந்தத் தெருன்னு நேத்தே சொன்னேனே! முந்தாநாளும் சொன்னேனே! மண்ணாங்கட்டி, தினம் வந்து அட்ரஸ் சொல்றதுதான் என் பொழப்பா?"

"நீங்க கோபப்படறது நியாயம்தான் சார். எனக்கு இன்னொரு தடவை சொல்லுங்க."

பக்கவாட்டுக் கதவு வழியாக நாங்கள் உள்ளே நுழைந்தோம். அம்மா திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"டேய், இங்க என்னடா பண்றே? இவளையும் கூட்டிட்டு வந்திருக்கே. வீட்டுல எதாவது தீப்பிடிச்சுதா?"

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

"அக்கா, இடது கையைக் குடு."

"வரிசை நிக்குதுடா."

"நிக்கட்டும். வலது கையால எழுது. இடது கை எனக்கு."

மாமாவின் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அம்மா மறுபேச்சில்லாமல் கையை மேஜைமேல் நீட்டினாள். மாமா பட்டையைச் சுற்றினார். கதை இல்லை, கிரேன்காரர் இல்லை, சிரிப்பு இல்லை. ரப்பர் பந்தின் புஸ் புஸ் மட்டும். முள் ஏறி, மெல்ல இறங்கி, நான் எதிர்பார்த்த இடத்துக்கு வெகுமுன்பே துடிக்க ஆரம்பித்தது.

நூற்றி எழுபத்தாறு, நூற்றி எட்டு.

மாமா ஆள் யாருமில்லாத நேரம் பார்த்து மறுபடி அளந்தார். இறங்கவில்லை. அடுத்தவர் வந்து பில்லைக் கண்ணாடியில் அறைந்துவிட்டுப் போனபின் மறுபடி. அதேதான், சற்று மேலே. ஆயிரம் பேர் நரம்பைக் கண்ணால் பார்க்காமலே தொட்டுக் கண்டுபிடித்த மாமாவின் விரல், ஒட்டும் பட்டையைப் பிரிக்க முடியாமல் திணறியது. நான் பிரித்துக் கொடுத்தேன்.

பாட்டில்காரர் இன்னும் போகவில்லை. கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்னம்மா, உடம்புக்கு ஆகலையா? நான் கத்தினதாலயா?"

"அதெல்லாம் இல்லண்ணே" என்றார் மாமா. "நீங்க இன்னைக்குத்தானே வந்திருக்கீங்க. முந்தாநாளும் நேத்தும் வந்ததை விடுங்க."

அவருக்கு அழுகை வரும்போது வாய் ஜோக் அடித்துவிடும். இது குடும்ப வியாதி.

அம்மாவை அரைநாள் லீவு போடவைத்து வெளியே கூட்டிவந்தோம். அலுவலகப் படிக்கட்டிலேயே மாமா உட்கார்ந்துவிட்டார். பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தார்.

"வருஷக்கணக்கா ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டிருந்தேனேக்கா. வேற எவனாவது ஒரு மூஞ்சி சுளிக்கிற டாக்டர் பாத்திருந்தா என்னைக்கோ தெரிஞ்சிருக்கும். அப்பாவுக்காவது தெரியாம போச்சு. உனக்கு நான் கூடவே இருந்து தெரியாம பண்ணிட்டேன்."

அம்மா புடவையைச் சுருட்டிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். படியில் ஏறி இறங்குபவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நீ சொன்னது பொய் இல்லடா" என்றாள். "உன் பக்கத்துல உக்காந்தா எனக்கு ஒண்ணுமில்லதான்."

மாமா முகத்தைப் பையில் புதைத்துக்கொண்டார். பிரஷர் மிஷினின் ரப்பர் பந்து எங்கோ அமுங்கிப் புஸ் என்றது. மூன்று பேரும் சிரித்துவிட்டோம். யார் முதலில் சிரித்தது என்று இன்றுவரை சண்டை.

அதன்பிறகு நடந்தது எல்லாம் நல்ல விதமாகவே நடந்தது. டாக்டரம்மா சொல்லி, ஒரு பகலும் இரவும் கையிலேயே கட்டிக்கொண்டு திரிகிற மிஷினை அம்மாவுக்கு மாட்டினார்கள். அது அவ்வப்போது தானாக இறுக்கி அளந்துகொள்ளும். கவுன்டரில் மலை, வீட்டில் மடு. மாத்திரை ஆரம்பித்தார்கள். உப்பைக் குறைத்தார்கள், அதில் நானும் சேர்ந்து மாட்டிக்கொண்டேன். அம்மாவின் கணக்கை ஆரோக்கிய ஆட்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தக் கட்டிலில் படுக்க வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் முதலில் ஒரு நாள் அந்த மிஷினைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். நாத்தனார் உட்பட.

கவுன்டரை மட்டும் அம்மா விடவில்லை. "அவங்க வேற யார்கிட்ட போய்க் கத்துவாங்க?" என்றாள். நாலு பேருக்கு ஒரு தடவை எழுந்துபோய் ஜன்னலருகில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு வருகிறாள். ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன்.

"அதுல நீ பட்டம் வாங்கினவதான். தெரியும், போடி."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா பழக்கதோஷத்தில் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மாமா மிஷினை எடுத்துவந்து, கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினார்.

"இந்தா. இனிமே நீ பாரு."

"நானா?"

"நான் பாத்தா அவ அடங்கிடுவா. நீ பக்கத்துல வந்தா உங்கம்மா ஒருநாளும் அடங்கி உக்காந்ததில்லை. உன் கையில வர்ற நம்பர்தான் நிஜமான நம்பர்." பட்டையை எங்கே சுற்றுவது, ஸ்டெதஸ்கோப்பை எந்த இடத்தில் வைப்பது, எந்தச் சத்தத்தில் முதல் எண், எந்தச் சத்தம் நின்றால் இரண்டாவது எண் என்று காட்டிவிட்டு, மாடிப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் முகம் தெரிந்தால்கூடக் கெட்டுவிடுமாம்.

"மெதுவாடி. கையை ஒடிச்சிடாதே. நகம் ஏன் இப்படி வளத்து வெச்சிருக்கே? கேஸ் அடுப்பை அணைச்சியா?"

"பேசக்கூடாதும்மா. விதி."

"விதிதான். வேறென்ன."

பந்தை அமுக்கினேன். அவள் முழங்கை மடிப்பில் காது வைத்துக் கேட்பது போல் இருந்தது. இத்தனை வருஷம் அவள் சொன்ன எதையும் நான் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. டுப், டுப் என்று வந்து, மெல்ல மெல்லத் தேய்ந்து, நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமா, "எவ்வளவுடி?" என்றார்.

இந்த மாதிரி வாய்ப்பு எனக்கு வாழ்நாளில் மறுபடி வராது. இருநூறு என்றால் கதவை உடைத்துக்கொண்டு வந்திருப்பார். அம்மாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை நன்றாகத் தெரிந்தவள்.

"நூத்தி முப்பத்தெட்டு, எண்பத்தாறு" என்றேன், உள்ளபடி.

"கேக்கலை, இன்னொரு தடவை சொல்லு!"

கேட்டிருக்கும். இருந்தாலும் சொன்னேன்.